வீட்டு மதிலும் காரியாலயக் கதவும்

கல்முனைக் கரையில் உத்தியோகத்தர் எவரும் ஊருக்கு அந்நியர் அல்லர். திங்கட்கிழமை காலையில் காரியாலயத்து நாற்காலியில் அமர்ந்து ‘சேர்’ என்று அழைக்கப்படுகின்றவர், அன்று மாலையே சந்தையில் மீனுக்கு விலை பேசுகையில் ‘மச்சான்’ ஆகிவிடுகின்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அவருடைய தோளோடு தோள் சேர நிற்பவர், முதல் நாள் அவருடைய மேசைக்கு முன்னால் விண்ணப்பப் படிவத்தோடு கால்கடுக்க நின்றவராகவே இருப்பார். அவருடைய வாப்பா என்ன தொழில் செய்தார், உம்மா எந்தக் குடி, அவர் எந்த வளவில் பெண் எடுத்தார், மூத்த மகன் எத்தனையாந் தடவையாகப் பரீட்சை எழுதுகின்றான் என்பனவெல்லாம் மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரையில் எவரும் முயன்று அறிய வேண்டிய விடயங்கள் அல்ல. கொழும்பிலே நிருபர் செய்தியைத் தேடிப் போகின்றார். நம்மூரிலோ செய்தி நிருபரைத் தேடிவந்து திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் கை நீட்டுகின்றது.

அவ்வாறு வந்து உட்காருகின்ற செய்தியில் எதனை அச்சேற்றலாம், எதனைத் திண்ணையோடு விட்டுவிட வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம். அச்சு என்று சொல்கின்றோமாயினும், கைத்தொலைபேசி வழியே முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஊரெங்கும் பரவுவதையும் அதனுள் சேர்த்தே பேசுகின்றோம். இந்நாளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பத்திராதிபர் இருக்கின்றார். அவர்களுட் சிலர் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை.

வாசகர்கள் ஒரு கற்பனை செய்து பார்க்கட்டும். ஒரே வாரத்தில் ஓர் உத்தியோகத்தரைப் பற்றி இரண்டு செய்திகள் வெளிவருகின்றன. அவருடைய மகளின் கலியாணம் பேசி முற்றாகிப் பின்னர் முறிந்துவிட்டது என்பது ஒன்று. கடற்கரை வீதியின் வடிகான் வேலை, முறையாகக் கேள்வி அறிவித்தல் செய்யப்படாமலே அவருடைய மைத்துனருக்குக் கொடுக்கப்பட்டது என்பது மற்றொன்று. இவற்றுள் எது அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஊர் முழுவதும் பரவும்? எது மூன்று மாதங்களின் பின், வடிகான் உடைந்து வெள்ளம் வீட்டுக்குள் வந்த அன்று மாத்திரம் மெல்லிய குரலில் பேசப்படும்? விடையை நாம் எழுத வேண்டியதில்லை. மகளைப் பற்றிப் பேசுவதால் எவருக்கும் நட்டம் வருவதில்லை, அந்தப் பெண் ஒருத்திக்கு அன்றி. வடிகானைப் பற்றிப் பேசினாலோ, ஒப்பந்தக்காரர் நமக்கும் ஒருவகையில் மைத்துனராக இருந்துவிடுகின்றார்.

உத்தியோகத்தரின் அந்தரங்கம் எதுவரை என்ற கேள்வி நம்மூரில் இந்த இடத்திலேதான் தொடங்குகின்றது. நாம் அவர்களை அளவுக்கு மீறித் துருவுகின்றோம் என்பது பாதி உண்மையே. துருவ வேண்டாத இடத்தில் துருவுகின்றோம். கேட்க வேண்டிய இடத்தில் மரியாதை என்ற பெயரால் வாய் மூடுகின்றோம் என்பதே முழு உண்மை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நம்முடைய மௌலவிமார் சொல்லும் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. இரண்டையும் தனித்தனியே பலமுறை கேட்டிருக்கின்றோம். ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை வைத்துச் சொல்லக் கேட்டது அரிது. முதலாவது இது. ஒருநாள் இரவு மதீனாவின் தெருக்களில் காவல் சுற்றி வருகையில், ஒரு வீட்டினுள்ளிருந்து எழுந்த பாட்டொலியைக் கேட்டுக் கலீஃபா அவர்கள் மதிலேறி உள்ளே இறங்கினார்கள். அங்கே ஒருவன் மதுவோடு இருந்தான். கலீஃபா கடிந்தபோது அவன் சளைக்கவில்லை. தான் செய்த குற்றம் ஒன்றென்றும், கலீஃபா செய்தவை மூன்றென்றும் சொன்னான். துருவி ஆராய்தல் விலக்கப்பட்டிருக்கத் துருவினீர், வாசல் வழியே வரும்படி சொல்லப்பட்டிருக்க மதிலேறி வந்தீர், ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழைந்தீர் என்பது அவன் வாதம். உமர் (ரலி) அவர்கள் அவனை விட்டுத் திரும்பினார்கள் என்று அறிவிக்கப்படுகின்றது.

இரண்டாவது மேலாடையைப் பற்றியது. எமனிலிருந்து வந்த துணி ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கலீஃபாவோ நெடிய உடம்பினர். ஒரு பங்கில் அவருக்கு மேலாடை தைக்க இயலாது. எனினும் அவர் முழுமையான மேலாடையோடு மிம்பரில் ஏறியபோது, சபையிலிருந்து ஒருவர் எழுந்து, உமக்கு மாத்திரம் எப்படி இரண்டு பங்கு வந்தது, அதற்கு விடை சொல்லும்வரை உமது பேச்சை நாம் கேட்கமாட்டோம் என்றார். அவர் ஸல்மானுல் பாரிஸி (ரலி) அவர்கள் என்பர். கலீஃபா சினம் கொள்ளவில்லை. தம் மகன் அப்துல்லாஹ்வை விடை சொல்லும்படி பணித்தார். என் பங்கை வாப்பாவுக்குக் கொடுத்தேன் என்று மகன் சொன்ன பின்னரே சபை செவிசாய்த்தது.

தகப்பனுக்கு மகன் துணி கொடுப்பது வீட்டுக்குள் நடக்கும் காரியம். சாதாரண வேளையில் அதை எவரும் கேட்க உரிமையில்லை. ஆனால் அந்தத் துணி பைத்துல்மாலிலிருந்து பிரிக்கப்பட்ட துணி. அதனை அணிந்திருந்தவர் அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பிலிருந்தவர். ஆகவே கேள்வி நியாயமாயிற்று. கேட்டவரும் மதிலேறிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பலர் முன்னிலையில், முகத்துக்கு நேரே, விடை சொல்ல இடம்வைத்துக் கேட்டார். முதலாவது நிகழ்ச்சியில் துருவியவர் ஆட்சியாளர், துருவப்பட்டவன் குடிமகன் அன்றோ, அது பத்திரிகைக்கு எவ்வாறு பொருந்தும் என்று நுட்பமுள்ள வாசகர் ஒருவர் கேட்கலாம். பொருந்தும் என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில் மதிலேறும் அதிகாரம் கலீஃபாவுக்கே இல்லையென்றால், கைத்தொலைபேசியுடன் வேலியோரம் நிற்கும் நமக்கு அது எங்கிருந்து வரும்?

நம்முடைய நாட்டில் இக்கேள்வி நீதிமன்றம் ஏறிய பிரசித்தமான வழக்கு ஒன்று உண்டு. அதுவும் ஒரு ஞாயிறு வெளியீட்டின் கிசுகிசுப் பத்தியால் வந்தது. 1995ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி, கொழும்பிலிருந்து வெளிவரும் ‘சண்டே டைம்ஸ்’ ஆங்கிலப் பத்திரிகையின் அத்தகைய பத்தி, அப்போது ஜனாதிபதியாயிருந்த சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க அவர்கள், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பிறந்தநாள் விருந்துக்காக நள்ளிரவையொட்டிக் கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்குச் சென்றதாக எழுதிற்று. ஜனாதிபதி அவ்விருந்துக்குப் போகவேயில்லை. சட்டமா அதிபர் குற்றவியல் அவதூறு என்று மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். பத்திரிகாசிரியர் சிங்ஹ ரத்னதுங்க 1996 ஜூலை 1ஆந் திகதி குற்றவாளியாகக் காணப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் 10,000 ரூபா அபராதமும் விதிக்கப்பட்டார். மேன்முறையீட்டு நீதிமன்றமும், பின்னர் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தன.

இவ்வழக்கைப் பற்றி அந்நாளில் பத்திரிகைச் சுதந்திரத்தின் பக்கம் நின்று எழுதியோரும், ஒரு பெண்மணியின் கௌரவத்தின் பக்கம் நின்று எழுதியோரும் உளர். நமக்கோ இரண்டு பிழைகள் ஒரே நாற்சந்தியில் மோதிக்கொண்டதாகவே தோன்றுகின்றது. பொய்யான தகவலை விசாரியாமல் அச்சேற்றியது பத்திரிகையின் பிழை. அத்தகவல் உண்மையாகவே இருந்திருந்தால்? ஒரு ஜனாதிபதி அலுவல் முடிந்த இரவு வேளையில் யாருடைய பிறந்தநாளுக்குப் போனார் என்பதில் நாட்டு மக்களுக்கு என்ன உரிமை? அன்றிரவு அவர் தவறவிட்ட அரச கடமை ஏதும் இருந்ததா, அரச பணம் செலவாயிற்றா, விருந்தளித்தவர் அதற்குப் பதிலாக எதனையாவது பெற்றாரா என்று காட்டினாலன்றி அஃது ஊர்வம்பேயாகும். ஆனால் அந்த வம்புக்கு மறுமொழி சொல்லச் சிறைச்சாலைத் திறப்பை எடுத்தது அரசின் பிழை. மானம் கெட்டதென்று கருதுகின்றவருக்குச் சிவில் நீதிமன்றத்தின் வாசல் திறந்தேயிருந்தது, நட்டஈடு கேட்டிருக்கலாம். குற்றவியற் சட்டத்தை எடுத்தமையால், வம்பெழுதிய பேனாவும், ஊழலை ஆதாரத்தோடு எழுதிய பேனாவும் ஒரே சங்கிலியிற் கட்டப்பட்டன. ‘ராவய’ பத்திரிகாசிரியர் விக்டர் ஐவன் மீது அத்தகைய குற்றப்பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் முடிவின்றித் தொங்கவிடப்பட்டிருந்ததை, ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004ஆம் ஆண்டில் கருத்துச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று கண்டது. அதற்கு முன்னரே, 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 12ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நமது பாராளுமன்றம் குற்றவியல் அவதூறு என்ற பகுதியைத் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கிவிட்டது. 2024ஆம் ஆண்டில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது, முன்வாசலால் வெளியே அனுப்பிய விருந்தாளி பின்வாசலால் வருகின்றாரோ என்று பத்திரிகையாளர் பலர் ஐயுற்றதற்கு இப்பழைய கதையே காரணம்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், ஏறத்தாழ இதே காலத்தில், இதனினும் தெளிவான விடை ஒன்று கிடைத்தது. அது கிடைத்த விதம் விநோதமானது. பல கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் என்பவனுடைய சுயசரிதையைச் சென்னை ‘நக்கீரன்’ வார இதழ் வெளியிட முற்பட்டது. அவனுடைய குற்றங்களில் உயர் அதிகாரிகள் சிலருக்கும் பங்கிருந்தது என்பது அந்நூலின் சாரம். 1994ஆம் ஆண்டு ஜூனில் சிறைத்துறைத் தலைமை அதிகாரி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: அவன் அப்படியொரு நூலை எழுதவில்லை, வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று. பத்திரிகாசிரியர் நக்கீரன் கோபால் என்று அறியப்படும் ஆர். ராஜகோபால் இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1994 அக்டோபர் 7ஆந் திகதி நீதியரசர் ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, இன்றளவும் இவ்விடயத்தில் எவரும் முதலில் புரட்டிப் பார்க்கும் தீர்ப்பாக இருக்கின்றது.

அத்தீர்ப்பின் போக்கை நம் மொழியிற் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம். தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. குடும்பம், விவாகம், மகப்பேறு, கல்வி ஆகியவற்றைச் சம்பந்தப்பட்டவரின் இணக்கமின்றி எழுதுதல் ஆகாது. நீதிமன்றப் பதிவேடு போன்ற பகிரங்க ஆவணங்களில் உள்ளவற்றை எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் அத்தகைய ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடலாகாது. உத்தியோகத்தரைப் பொறுத்தவரை, அவர் தம் கடமையைச் செய்ததுபற்றி எழுதப்பட்டதற்கு அந்தரங்கம் என்ற கேடயத்தை எடுக்க இயலாது. அதிலே பிழை நேர்ந்திருந்தாலும், எழுதியவர் நியாயமான அளவு விசாரித்தே எழுதினார் என்று காட்டினாற் போதும். உண்மையைப் பற்றிய அக்கறையே இன்றியோ, வன்மத்தினாலோ எழுதியிருந்தால் அவர் விடை சொல்லியே ஆகவேண்டும். கடமைக்குச் சம்பந்தமில்லாத விடயங்களிலோ உத்தியோகத்தரும் மற்றெல்லாக் குடிமக்களையும் போலவே பாதுகாக்கப்படுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, தம்மைப் பற்றி அவதூறு வரப்போகின்றது என்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிக்கோ கிடையாது.

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டில் ‘நியூ யோர்க் டைம்ஸ்’ பத்திரிகை சலிவன் என்ற அதிகாரிக்கெதிராக வென்ற வழக்கின் சாயல் இதிலே தெரியும். எனினும் நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. ஆட்டோ சங்கரின் அந்தரங்கத்தையும் அந்நீதிமன்றம் நிறுத்துப் பார்த்தது! பகிரங்க ஆவணங்களுக்கு அப்பால் அவனுடைய சொந்த வாழ்க்கையை அவன் இணக்கமின்றி எழுதினால் அதுவும் அத்துமீறலாகலாம் என்றது. தூக்குக்கயிற்றை எதிர்நோக்கியிருந்த கொலையாளிக்கே வீட்டு மதில் உண்டென்றால், முறிந்த கலியாணத்தோடு அறைக்குள் அழுதுகொண்டிருக்கும் உத்தியோகத்தர் மகளுக்கு இல்லாமற் போகுமா?

அந்தரங்கத்தை விற்றுப் பிழைப்பது புதிய தொழிலுமன்று. 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ என்னும் ஏடுகளில் நடிகர்களின் வீட்டுச் சங்கதிகளை எழுதினார். வாங்கிப் படித்தவர்கள் அநேகர். 1944 நவம்பரில் அவர் குத்திக் கொல்லப்பட்டார், எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று, பிரிவி கவுன்ஸில் வரை வழக்குப் போய், 1947இல் விடுதலையானார்கள். பாகவதரின் பாட்டுக்கு உயிரை விட்டவர்கள் நம்மூரிலும் இருந்தார்கள். சிறையிலிருந்து வந்தபின் அவருடைய பழைய புகழ் திரும்பவேயில்லை.

இனி, கோடு எங்கே போகின்றது என்று எளிதிற் சொல்ல முடியாத இடத்துக்கு வருவோம். அதிகாரத்திலிருப்பவரின் நோய் யாருடைய சங்கதி? நோயைப் போல ஒருவனுக்குச் சொந்தமானது வேறில்லை. ஆனால் நோயாளி ஒரு மாநிலத்தின் முதலமைச்சராயிருந்தால்? 2016 செப்டெம்பர் 22ஆந் திகதி தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா சென்னை அப்பலோ வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். காய்ச்சலும் நீரிழப்பும் என்றே முதலிற் சொல்லப்பட்டது. டிசம்பர் 5ஆந் திகதி அவர் காலமாகும்வரை 75 நாட்கள் அவர் அங்கேயே இருந்தார். மக்கள் அவர் முகத்தைக் காணவில்லை. வதந்தி பரப்பியதாகச் சிலர் கைதுசெய்யப்பட்டார்கள், வதந்தி நின்றபாடில்லை. பின்னர் நீதியரசர் ஆறுமுகசாமி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்து, 2022ஆம் ஆண்டில் அறிக்கை சட்டசபைக்கு வரும்வரை அந்தச் சந்தேகம் ஓயாமல் உலாவிற்று. படுக்கையிலிருக்கும் ஒரு பெண்மணியின் படத்தை எடுத்து வெளியிடுதல் அநாகரிகம் என்பதில் நமக்கு இரண்டாம் அபிப்பிராயம் இல்லை. அதே வேளையில், கோப்புகளில் யார் கையெழுத்திடுகின்றார், அவருக்கு நினைவு தெளிவாக இருக்கின்றதா, அவரால் இயலாதபோது பொறுப்பு யாரிடம் என்ற வினாக்கள் நோயைப் பற்றியவை அல்ல, பதவியைப் பற்றியவை. அவற்றுக்கு ஒழுங்காக விடை சொல்லியிருந்தால், நோயின் பெயரை அறிய மக்கள் அவ்வளவு துடித்திருக்கமாட்டார்கள் என்பது நமது எண்ணம்.

நம்மூருக்கே உரிய இன்னொரு சிக்கல் வீடு. ‘சாதாரண இலிகிதர், மேல்மாடி கட்டிவிட்டார், பணம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பது இங்கே வழக்கம். வெளியூர்ப் பத்திரிகையாளர் அதனை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவார். இக்கரையில் வீடு பெண்ணுக்குரியது. தகப்பனும் தாயும் வயிற்றைக் கட்டி, சில வேளை அண்ணன் கட்டாரில் வெயிலில் நின்று அனுப்பிய காசில், மகளுக்குச் சீதன வீடு கட்டுகின்றார்கள். மருமகன் அதிலே வந்து குடியிருக்கின்றார். ஆகவே உத்தியோகத்தரின் மாடி வீடு என்று படம் பிடித்துப் போடப்படுவது, பெரும்பாலும் ஒரு நெசவாளியோ வயற்காரரோ தம் மகளுக்கு வைத்துவிட்டுப் போன வாழ்நாள் உழைப்பாக இருக்கும். அதைக் களவென்று எழுதுவதினும் கொடிய காரியம் வேறென்ன?

ஆனால் ஒரு மறுபக்கம் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நாமும் மைத்துனர் கட்சியில் சேர்ந்தவர்களாவோம். வீடு பெண் பெயரில் என்பது நல்லதொரு மறைவிடமுமாகும். வந்த காசை மனைவி பெயரில் வைத்துவிட்டுச் சீதனம் என்று சொல்லிக்கொள்ள இவ்வூரைப் போல் வசதியான ஊர் வேறில்லை. இதனை அறிந்தே 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சொத்துப் பிரகடனச் சட்டம், உத்தியோகத்தர் தம் சொத்தோடு வாழ்க்கைத் துணையினதும் பிள்ளைகளினதும் சொத்தையும் வெளிப்படுத்த வேண்டும் என்றது. பின்னர் அதற்குச் செய்த திருத்தத்தின்படி கட்டணம் செலுத்திப் பிரகடனத்தைப் பார்க்கலாம். பார்த்ததைப் பிறருக்கு வெளிப்படுத்தலாகாது. கண்ணைத் திறந்துவிட்டு வாயைக் கட்டிய சட்டம் அது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்தக் கட்டை அவிழ்த்தது. அதன்பின் ஜனாதிபதி, அமைச்சர்கள் முதலானோரின் பிரகடனங்கள், சில தனிப்பட்ட விபரங்கள் மாத்திரம் மறைக்கப்பட்டு, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. எண்ணிப் பார்த்தால் இது மேலாடைக் கேள்வியேதான். மகன் கொடுத்த துணியானாலும் சரி, மாமனார் கட்டிய வீடானாலும் சரி, பதவியிலிருப்பவர் ஒருமுறை எழுந்து விடை சொல்லிவிட்டால், மதிலடியில் நின்று எட்டிப் பார்ப்பவனுக்கு வேலையில்லை.

இத்தனையும் நாம் எழுதலாம். எழுத வேண்டிய நிருபரின் நிலை என்ன? பிரதேச நிருபர்களில் அநேகர் முழுநேரச் சம்பளம் பெறுபவர் அல்லர். அச்சான செய்திக்கேற்பச் சிறு தொகை பெறுபவர். பலர் பகலில் ஆசிரியராகவோ வேறு அரச ஊழியராகவோ இருப்பவர். வலயக் கல்விக் காரியாலயத்தின் ஓர் இடமாற்றக் கடிதம், அவரை நாளைக் காலையே பஸ் ஏற்றி நெடுந்தூரம் அனுப்பிவிடும். அத்தகையவரிடம் போய், நீர் ஏன் கேள்விப்பத்திர விடயத்தை எழுதவில்லை என்று தலைநகரத்து ஆசிரிய பீடம் கேட்பது சுலபம். அதனால் அவர் என்ன செய்கின்றார்? திறப்பு விழாக்களையும் பொன்னாடைகளையும் எழுதுகின்றார். உண்மையான செய்தி, பெயரில்லாத முகநூற் பக்கம் ஒன்றுக்குப் போய்ச் சேருகின்றது. அங்கே அதனை விசாரிப்பார் இல்லை. உத்தியோகத்தரின் விளக்கத்தைக் கேட்பார் இல்லை. அரைவாசி உண்மையோடு மனைவியின் பெயரும் மகளின் படமும் சேர்ந்து வெளிவருகின்றன. பொறுப்புள்ள பேனா வாய் மூடியதன் விலையை, பொறுப்பற்ற பேனாவிடம் அகப்பட்ட குடும்பம் கொடுக்கின்றது. உத்தியோகத்தர்மாருக்கும் இதிலே ஒரு செய்தி உண்டு. பெயர் சொல்லி, நேரில் வந்து, காரியாலய விடயத்தைக் கேட்கும் நிருபரை விரட்டாதிருப்பது, தங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவர்கள் செய்யக்கூடிய பெரிய காவல்.

அந்தரங்கம் என்றவுடன் பெரியவர்களின் அந்தரங்கமே நம் நினைவுக்கு வருவதும் ஒரு வேடிக்கை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதையும் அள்ளிச் சென்ற பின்னர், அரிசிப் பொதிக்குக் கை நீட்டி நின்ற விதவைகளின் முகங்கள் பத்திரிகைகளில் வரிசையாக வந்தன. கொடுப்பவரின் முகம் புகைப்படக் கருவியை நோக்கியிருக்கும். வாங்குபவரின் முகம் நிலத்தை நோக்கியிருக்கும். அந்தப் பெண்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. இன்றும் நோன்பு காலத்தில் உலருணவுப் பொதி வழங்கும் படங்கள் அவ்வாறே வருகின்றன. பிரமுகர் ஒருவரின் கடன்காரர் வீட்டு வாசலில் நிற்பதைப் படமெடுத்தால் மானநட்ட வழக்கு வரும் என்று அஞ்சுகின்ற அதே பத்திரிகை, ஏழையின் அடுப்படியைப் படமெடுக்கத் தயங்குவதில்லை.

இதே கடல்கோளின் பின்னர், அக்கரைப்பற்றுப் பகுதியில் நுரைச்சோலை என்னுமிடத்தில் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. வீடுகளோ பல்லாண்டு காலம் பூட்டிக்கிடந்து, பற்றைக்காடு மூடிற்று. அவ்வாண்டுகளில் இக்கரையில் அமைச்சர்களாயிருந்தோரின் வீட்டுச் சங்கதிகள் எத்தனையோ தேநீர்க் கடைகளில் அலசப்பட்டன. வீடுகளின் பயனாளிப் பட்டியல் யாருடைய அலுமாரியில் இருக்கின்றது, எந்தக் கடிதத்துக்கு எந்தத் திகதியில் யார் பதில் எழுதவில்லை என்று தேடி எழுதியவர்கள் சிலரே.

அவ்வாறு தேடுவதற்கு இன்று மதிலேற வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. பிரதேச செயலகம், மாநகர சபை, வைத்தியசாலை, கல்விக் காரியாலயம் எதிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருத்தல் வேண்டும். எந்தப் பிரஜையும், ஏன் கேட்கின்றேன் என்ற காரணத்தைச் சொல்லாமலே, தமிழில் எழுதிக் கேட்கலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ளல் வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். அந்தரங்கத்தையும் இச்சட்டம் மறந்துவிடவில்லை. பொது அலுவலோடு சம்பந்தமில்லாத சொந்த விபரத்தை, பொதுநலன் பெரிதாக வேண்டினாலன்றி, மறுக்கலாம் என்று 5ஆம் பிரிவு சொல்கின்றது. ஆகையால் பிரதேச செயலாளரின் வைத்தியச் சீட்டைக் கேட்டால் கிடைக்காது. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கேட்டால் மறுக்க முடியாது. பாராளுமன்ற உறுப்பினர்களுள் சொத்துப் பிரகடனம் கொடுத்தவர் யார் யார் என்று பத்திரிகையாளர் ஒருவர் இச்சட்டத்தின் கீழ் கேட்டார். பாராளுமன்றச் செயலகம் மறுத்தது. தகவலறியும் உரிமை ஆணைக்குழு கொடுக்கும்படி பணித்தது. 2023ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஆணைக்குழுவின் பக்கமே நின்றது.

தகவல் உத்தியோகத்தர் மறுத்தால், அதே காரியாலயத்தில் இதற்கென்று குறித்தொதுக்கப்பட்ட அதிகாரிக்குப் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்தல் வேண்டும். அவரும் கைவிரித்தால், இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கு எழுதலாம். விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் எழுத்துமூலமான பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வது நன்று. நம்மூர்க் காரியாலயங்களில், ‘மச்சான், அதெல்லாம் எதற்கு, நான் பார்த்துச் சொல்கின்றேன்’ என்று தோளைத் தட்டுவார்கள், தேநீரும் வரும். தேநீரைக் குடிக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் எழுந்துவரலாகாது.